கேசட்டுல இருக்கு

அய்யாத்துரை பழைய வீடியோ டெக்கின் தலையில் இன்னொரு தட்டு தட்டினார். டிவிக்குள் பெய்துகொண்டிருந்த மழை ஒரு நொடி நின்றது. பிறகு முன்னைவிடப் பலமாகப் பெய்யத் தொடங்கியது.

“அப்பா, மாரோ மத் உஸ்கோ. இருக்கிறதும் போயிரும்,” என்றாள் மகள் ஸ்ரீதேவி, கைபேசியை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

“நீ சும்மா கெட. அந்தக் காலத்துச் சாமானெல்லாம் தட்டுனாத்தான் கேக்கும்.”

“அப்பிடிச் சொல்லித்தான் மிக்ஸியையும் பரண்ல ஏத்துனிய,” என்றாள் பூமாரி அடுப்படியிலிருந்து.

தாராவி தொண்ணூறடி ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், கீழே ஓர் அறையும் இரும்பு ஏணி ஏறினால் மேலே ஓர் அறையுமாக அவர்கள் வீடு. வெளியே ஞாயிற்றுக்கிழமைக் காலை மழை கூரைத் தகரத்தில் அடித்துக்கொண்டிருந்தது. உள்ளே, சுவரை முக்கால்வாசி அடைத்த டிவியிலும் அதே மழை. அந்த மழைக்குப் பின்னால் எங்கேயோ ஒரு மணவறையும் கொஞ்சம் ஆட்களும் இருப்பது குத்துமதிப்பாகத் தெரிந்தது. நாதஸ்வரம் மட்டும் கேட்டது. அதையும் யாரோ கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தார்கள்.

விஷயம் இதுதான். ஆவணியில் ஸ்ரீதேவிக்குக் கல்யாணம். பெண்ணின் கையைப் பிடித்து மணவறைக்கு அழைத்து வரத் தாய்மாமன் வேண்டும். தாய்மாமன் இல்லாமல் இல்லை. வெயிலுமுத்து என்று பெயர், பூமாரிக்குக் கூடப்பிறந்த ஒரே அண்ணன், சீத்தா கேம்ப்பில் தையல் கடை. தாராவியிலிருந்து பஸ் ஏறினால் போய்ச் சேர்ந்துவிடலாம். அந்தப் பஸ்ஸில், அய்யாத்துரைக்குத் தெரிந்து, இந்த வீட்டிலிருந்து முப்பது வருஷத்தில் ஒரே ஒரு தடவைதான் ஆள் போயிருக்கிறது. பூமாரியின் அப்பா செத்த அன்றைக்கு அவள் போனாள், முகத்தைப் பார்த்தாள், அண்ணனிடம் ஒரு வார்த்தை பேசாமல் திரும்பி வந்தாள். பேசக் கூடாது என்று சொல்லித்தான் அய்யாத்துரை அனுப்பியிருந்தார்.

எல்லாம் அய்யாத்துரை, பூமாரி கல்யாணத்தன்று வந்த வினை. மாப்பிள்ளைக்குப் பெண்ணின் அண்ணன் மாலை போட்டு, கையைப் பிடித்து மணவறையில் ஏற்ற வேண்டும். அய்யாத்துரை கட்சி என்னவென்றால், மாலையோடு மணவறை வரைக்கும் வந்த வெயிலுமுத்து, ஏதோ மரியாதை குறைந்துவிட்டதென்று மாலையை வீசிவிட்டுப் போனான். பூமாரி கட்சி என்னவென்றால், அண்ணன் மாலையும் கையுமாகத் தூண் பக்கத்தில் நின்றான், ஒருவரும் கூப்பிடவில்லை, மாப்பிள்ளை வீட்டார் தங்கள் ஆளையே விட்டு மாப்பிள்ளையை ஏற்றிவிட்டார்கள், அண்ணன் மாலையை நாற்காலியில் வைத்துவிட்டுச் சாப்பிடாமல் போனான்.

இதில் வேடிக்கை, இரண்டு பேருமே எதையும் பார்க்கவில்லை. அந்த நேரத்தில் அய்யாத்துரை உள்ளறையில் இடுப்பில் நிற்காத பட்டு வேட்டியோடு போராடிக்கொண்டிருந்தார். பூமாரிக்குப் பூஜடை தைத்துக்கொண்டிருந்தார்கள். அவரவர் பக்கத்து ஆட்கள் வந்து சொன்னதுதான். எல்லாக் கல்யாணத்திலும் ஒரு மச்சினன் கோபித்துக்கொண்டு போவான், மறுவீட்டுக்குள் திரும்பி வந்துவிடுவான். இங்கே அப்படி ஆகாததற்குக் காரணம், அய்யாத்துரையிடம் கேசட் இருந்தது.

கல்யாணம் முடிந்து பல மாசம் கழித்து, கல்யாணக் கேசட்டை வீடியோக்காரர் கொண்டுவந்து கொடுத்தபோது சண்டை நன்றாக முற்றியிருந்தது. வீட்டில் டெக் கிடையாது. டெக்கை வாடகைக்கு எடுத்து, அக்கம்பக்கத்தைக் கூட்டி உட்கார வைத்துச் சொந்த மானத்தைத் திரையில் பார்க்க அய்யாத்துரைக்கு மனசில்லை. மஞ்சள் துணியில் சுற்றி பீரோ லாக்கரில் வைத்தார். அதன்பிறகு பூமாரி அண்ணன் பேச்சை எடுத்தாலே ஒரே பதில்தான்.

“கேசட்டுல இருக்குட்டி. எல்லாம் கேசட்டுல இருக்கு.”

அதைப் போட்டு ஒருவரும் பார்த்ததில்லை. பார்க்காத வரைக்கும் அதைப்போல ஒரு சாட்சி உலகத்தில் கிடையாது. அய்யாத்துரை கெட்டவர் அல்ல. மளிகைக் கடையில் எடையில் கை வைக்க மாட்டார். ஆனால் ஒரு தடவை சொல்லிவிட்டால் சொன்னதுதான். தப்பென்று தெரிந்தாலும் அதைக் கட்டிக்கொண்டு அழுவார், கூட இருப்பவர்களையும் அழ வைப்பார்.

போன வாரம் கல்யாணப் பத்திரிகையில் பெயர் போடும் பேச்சு வந்தது. தாய்மாமன் பெயர் வேண்டாம் என்றார் அய்யாத்துரை. முப்பது வருஷமாக வாயை மூடிக்கொண்டிருந்த பூமாரி, அரிசி களைந்துகொண்டே திருப்பிக் கேட்டுவிட்டாள்.

“அப்பம் கேசட்டப் போடுங்க.”

“என்னது?”

“கேசட்டுல இருக்கு கேசட்டுல இருக்குன்னு சொல்லுதியல்லா? போட்டுக் காட்டுங்க. எங்க அண்ணன் மாலைய வீசுனது அதுல இருந்தா, நானே போன் பண்ணி, நீ வராதன்னு சொல்லிருதேன். இல்லன்னா நீங்க சீத்தா கேம்ப்புக்குப் போயி, அண்ணன் கையப் புடிச்சுக் கூட்டிட்டு வரணும். சரியா?”

சரி என்று சொல்லாமல் என்ன செய்வார்? மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் பழைய டிவி, ரேடியோ பார்க்கும் அப்துல் ரவூப்பிடம் போய் நின்றார். அவரிடம் ஓடுகிற நிலையில் ஒரு டெக் இருந்தது. ரவூப் சனிக்கிழமை தானே வந்து, அந்த டெக்கின் வயர் நுழைய இந்தக் காலத்து டிவியில் ஓட்டை இல்லாததால் நடுவில் ஒரு சின்னப் பெட்டியையும் மாட்டிவிட்டு, கும்பிட்டுக் கேட்டுக்கொண்டார்.

“அண்ணாச்சி, ஒண்ணும் நோண்டிராதீங்க. ஒரு பித்தானு, இந்த ‘ப்ளே’ மட்டும் அமுக்குங்க. நாளைக்கு மும்ப்ராவுல ஒரு நிக்காஹ். சாயங்காலம் வந்து எடுத்துக்கிடுதேன். படம் சரியில்லன்னா அப்பிடியே விட்டு வைங்க, வந்து பாத்துத் தாரேன்.”

அதாவது, சும்மா இருக்கச் சொன்னார். இந்த வீட்டில் யாராலும் முடியாத ஒரே காரியம் அது.

பத்து மணிவாக்கில் அய்யாத்துரையின் சித்தப்பா மகன் ராஜகுமார் குடையை மடக்கிக்கொண்டு வந்தான். செல்போன் கவர் விற்கிறவன். ஆகவே எலக்ட்ரானிக் சாமான் எல்லாம் தனக்குத் தெரியும் என்று நினைப்பு.

“அரே அண்ணே, இது டிராக்கிங் ப்ராப்ளம். தோ மினிட்.”

ஒரு திருகைப் பிடித்துத் திருகினான். மழை மேல்பாதியிலிருந்து இறங்கிக் கீழ்ப்பாதியில் தேங்கியது. மேலே இருந்தவர்களின் தலைகள் எல்லாம் கழுத்தோடு வலது பக்கம் சாய்ந்துகொண்டன.

சத்தம் கேட்டு வந்த பக்கத்து வீட்டு ஜான்சி வாசலிலேயே நின்று பார்த்தாள். கல்யாணத்தில் பூமாரிக்குத் தோழியாக நின்றவள். தூண் கதையை வந்து பூமாரியிடம் சொன்னவளும் இவள்தான்.

“ஏம்பா எல்லாரும் ஒரு பக்கமாச் சாஞ்சு நிக்காவ?”

“மாப்பிள்ளைக்கு மரியாதை,” என்றார் அய்யாத்துரை.

இதற்குள் டெக் ‘கிறீச் கிறீச்’ என்று கத்த ஆரம்பித்தது. கத்துகிற எதற்கும் எண்ணெய் விட வேண்டும் என்பது அய்யாத்துரையின் அனுபவம். கடை ஷட்டர் அப்படித்தான் வழிக்கு வந்தது. பூமாரியின் தையல் மெஷின் எண்ணெயை எடுத்து, மூடி இடுக்கு வழியாகத் தாராளமாக விட்டார். கத்தல் நின்றுவிட்டது. கூடவே மணவறை, ஆட்கள், வாழைமரம் எல்லாம் கரைந்து ஒன்றாக ஓடத் தொடங்கின.

“இப்பம் மழை இல்ல பாத்தியா?” என்றார்.

“மழை இல்ல. மனுசங்களும் இல்ல,” என்றாள் பூமாரி.

ராஜகுமார் மூடியைக் கழற்றினான். எண்ணெயைத் துடைக்க ஸ்ரீதேவியின் நகப்பூச்சு அழிக்கும் திரவத்தைக் கேட்டான். “என்னோடதா? நோ வே,” என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் பாதி பாட்டில் டெக்குக்குள் போயிருந்தது. மறுபடி போட்டதும் ஆட்கள் திரும்பி வந்தார்கள். முகங்கள் வரவில்லை.

பிறகு டெக் கேசட்டை மென்றது. உள்ளே நாடா சிக்கி, விரலால் இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. ஜான்சி அதை முழங்காலில் வைத்து, சேலைக் கரையை மடிப்பதுபோல் நீவிக் கொடுத்தாள். ராஜகுமார் பென்சிலைச் செருகிச் சுற்றி உள்ளே விட்டான். இவ்வளவு பேர் கவனித்ததற்குப் பிறகு அந்தக் கேசட்டில் நல்ல இடம் என்று அதிகமாக மிச்சமில்லை.

“ரவூப் பாய் வர்ற வரைக்கும் விட்டு வைங்களேன்,” என்றாள் பூமாரி.

“ஏன், பயமா இருக்கோ?”

அப்படிக் கேட்டபிறகு அவள் என்ன சொல்ல முடியும்? ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து தரையில் உட்கார்ந்தாள். அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. முப்பது வருஷமாக அண்ணனை அவள் நம்பிக்கொண்டிருந்தாள். அந்த நம்பிக்கை ஒன்றைத்தான் இந்த வீட்டில் தன்னுடையதாக, யாருக்கும் காட்டாமல், அவள் வைத்திருந்தாள்.

படம் ஓடியது. படம் என்று சொல்வது மரியாதைக்காக. கலங்கின தண்ணீருக்குள் நிழல்கள் நடமாடின.

“அந்தா, அது நான்!” என்றாள் ஜான்சி. “பன்னீர்ச் செம்போட நிக்கேன் பாரு. எவ்வளவு ஒல்லி!”

“அது செம்பு இல்லக்கா, மைக்கு,” என்றான் ராஜகுமார்.

“எனக்குத் தெரியாதா என் கை? அன்னிக்கு அந்த மண்டபத்துல மாடியிலயும் ஒரு கல்யாணம்லா. நான் பன்னீர்ச் செம்போட தெரியாம மாடிக்குப் போயி, அங்க உள்ள ஆளுகளுக்கெல்லாம் தெளிச்சுட்டு வந்தேன். பாயசம் மாறிப் போச்சு, மேளக்காரர் மாறிப் போனாரு. அந்த வீடியோக்காரரு பாவம், மேலயும் கீழயும் ஓடி ஓடி நாக்குத் தள்ளிப் போச்சு அவருக்கு.”

“பாயசத்த ஞாபகப்படுத்தாத,” என்றார் அய்யாத்துரை. “நம்ம பாயசம் பூரா மாடிக்காரன் குடிச்சான்.”

மணவறைக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளை வேட்டி குனிந்து யாருக்கோ வெற்றிலைத் தட்டை நீட்டியது. பூமாரி சட்டென்று எழுந்து டிவிக்கு அருகில் போனாள்.

“எங்க அப்பா.”

அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. “குனியுதத பாருங்க. முதுகு வலிச்சா அப்பிடித்தான் ஒரு கைய இடுப்புல குடுப்பாவ. எங்க அப்பாவேதான்.” அவள் சேலைத் தலைப்பால் டிவித் திரையை ஒரு தடவை துடைத்தாள். அப்படியும் முகம் தெரியவில்லை.

“நல்ல மனுசன்,” என்றார் அய்யாத்துரை பெருந்தன்மையாக. செத்துப் போனவர்களோடு அவருக்குச் சண்டை கிடையாது.

மணப்பெண் வந்து உட்கார்ந்தாள்.

“என் சேலை அரக்குலா?” என்றாள் பூமாரி. “இது பச்சையாத் தெரியுதே.”

“கலர் போயிட்டு மைனி. பழைய கேசட்டுல செவப்புதான் மொதல்ல அவுட் ஆகும். சிம்பிள்.”

“நான் என்னல இவ்வளவு குண்டா இருக்கேன்?” என்று கேட்டார் அய்யாத்துரை. “அன்னிக்கு எனக்கு வேட்டியே நிக்கல.”

“அந்தக் காலத்துப் படம் சதுரம்ணே. அகலமான டிவில போட்டா இழுத்துதான் காட்டும். எல்லாரும் குண்டுதான்.”

ஸ்ரீதேவி முதன்முதலாகக் கைபேசியைக் கீழே வைத்தாள். “அப்பா, உங்களுக்கு அப்ப மீசை இருந்துச்சா?”

“அது மீசை இல்லம்மா, கோடு. ஹெட்டுல அழுக்கு இருந்தா கோடு விழும்,” என்றான் ராஜகுமார். அவனிடம் பதில் இல்லாத கேள்வியே கிடையாது.

அப்போதுதான் அந்த இடம் வந்தது. ஜான்சி நீவிக் கொடுத்த இடம். திரை இரண்டு தடவை துள்ளியது. வெள்ளைச் சட்டை போட்ட ஒருவன் கையில் மாலையோடு மணவறை ஓரம் வந்தான். நின்றான். யாரோ ஏதோ சொன்னார்கள். மாலை கையிலிருந்து கீழே விழுந்தது, அல்லது வீசப்பட்டது. வெள்ளைச் சட்டை திரும்பி, ஆட்களை விலக்கிக்கொண்டு போய்விட்டது.

“நிறுத்து!” என்றார் அய்யாத்துரை. “பின்னால ஓட்டு!”

ஓட்டினார்கள். மறுபடி போட்டார்கள். ஒவ்வொரு தடவையும் மாலை இன்னும் கொஞ்சம் வேகமாக விழுவதாக அவருக்குத் தோன்றியது.

“பாத்தியாட்டி? பாத்தியா? முப்பது வருசமா நான் என்ன சொல்லுதேன்?”

“மொகம் தெரியலியே. நாம ரெண்டு பேரும் முன்னாலயே ஒக்காந்தாச்சே,” என்றாள் பூமாரி.

“மொகம் எதுக்கு? கொணம் தெரியுதுல்லா?”

“வீடியோக்காரன் முன்ன பின்னயா ஒட்டியிருப்பான். நடையப் பாருங்க மைனி,” என்றான் ராஜகுமார். “அதே நடை. நான் அன்னிக்குப் பக்கத்துலதான் நின்னேன்.” அன்றைக்கு அவன் ஐஸ்கிரீம் வரிசையில் நின்ற பொடியன். அதற்குப் பிறகு வெயிலுமுத்து நடந்து அவன் பார்த்ததும் இல்லை.

பூமாரி ஜான்சியைப் பார்த்தாள். அந்தப் பார்வை எதற்கென்று ஜான்சிக்குத் தெரிந்தது. அவள் டிவியைப் பார்த்தாள், அய்யாத்துரையைப் பார்த்தாள். மாச சாமான் அவர் கடையிலிருந்துதான் வருகிறது.

“என்னத்தச் சொல்ல பூமாரி. கண்ணுக்கு நேரா இருக்கு. நான்தான் அன்னிக்குக் கூட்டத்துல வேற ஏதோ பாத்துட்டு வந்து சொல்லிட்டேன் போல.”

அவ்வளவுதான். முப்பது வருஷத்துச் சாட்சி, ஒரு நிழலைப் பார்த்துப் பிறழ்ந்துவிட்டது.

அய்யாத்துரை எழுந்து வேட்டியை உதறிக் கட்டினார். ஜெயித்தபிறகு பேசாமல் விட்டுவிட வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

“சரி, போனப் போடு.”

“சாப்புட்டுட்டு...”

“சொன்ன வாக்கு என்ன? ஸ்பீக்கர்ல போடு.”

“அப்பா, சோடோ நா, விட்டுருங்க,” என்றாள் ஸ்ரீதேவி. “மாமா ஏற்கெனவே சேலை எடுத்துட்டாங்க.”

“எந்த மாமா? உனக்கு எப்பிடித் தெரியும்?”

“நான் பேசுவேன். ரெண்டு வருஷமா. அவுங்க கடைக்குப் போய் பிளவுஸ்கூட தைச்சிருக்கேன். இப்ப க்யா கரேகா, என்ன பண்ணுவீங்க?”

அய்யாத்துரைக்கு இதற்கும் சேர்த்துக் கோபம் வந்தது. மகளின் கைபேசியைப் பிடுங்கி மனைவி கையில் கொடுத்தார். அந்தப் பக்கம் முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்கள்.

“ஸ்ரீதேவியா? சொல்லு தாயி.”

“நான்... பூமாரிண்ணே.”

அந்தப் பக்கம் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்த சத்தம் நின்றது.

“பூமாரியா? எட்டி, நல்லாருக்கியா? கொரலு அப்பிடியே இருக்கேட்டி உனக்கு! நான் சேலை எடுத்துட்டேன். அரக்குக் கலரு. உன் கல்யாணச் சேலை மாதிரியே வேணும்னு கடை கடையா ஏறி எறங்குனேன். காட்கோபர்லதான் கெடச்சுது.”

பூமாரி டிவியைப் பார்த்தாள். பச்சைச் சேலை உட்கார்ந்திருந்தது. அவள் வாயைத் திறந்தாள். அய்யாத்துரை கையை ஆட்டி, விஷயத்துக்கு வா என்றார்.

“அண்ணே, கல்யாணக் கேசட்டப் போட்டுப் பாத்தோம்.”

“ஆங்! ஓடுச்சா? அப்பா இருக்காவளா அதுல?”

“இருக்காவ.”

“நான் நிக்கது தெரிஞ்சுதா? அந்தத் தூணு பக்கத்துல?”

“இல்லண்ணே.” அவள் கொஞ்சம் நிறுத்தினாள். “நீ மாலைய வீசிட்டுப் போறது தெரிஞ்சுது. எல்லாரும் பாத்தோம். நானும் பாத்துட்டேன்.”

லைன் போய்விட்டதோ என்று ராஜகுமார் எட்டிப் பார்த்தான்.

“வீசிட்டா போறேன்?” என்று கேட்டார் வெயிலுமுத்து. கோபமாகக் கேட்கவில்லை. சந்தேகம் கேட்கிற குரலில் கேட்டார். “நின்னேன்னுலா நெனச்சிட்டு இருக்கேன் இத்தன வருசமா. மாலைய நாற்காலில வச்சேன், தண்ணிகூடக் குடிக்காம வந்தேன்னு... எம் பொண்டாட்டிகிட்ட, புள்ளைங்ககிட்ட எல்லாம் அப்பிடித்தான் சொல்லி வச்சிருக்கேன்.”

“கேசட்டுல இருக்குண்ணே.”

“சரிதாம்மா. கேசட்டு எதுக்குப் பொய் சொல்லப் போவுது? எனக்கும் வயசாயிட்டு. அன்னிக்கு ஆங்காரத்துல என்ன பண்ணுனேனோ.” மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. “அப்பம் தப்பு எம்பேர்லதான். மச்சான்கிட்ட மன்னிச்சிரச் சொல்லு. நான் வரல. சேலைய மட்டும் குடுத்தனுப்புதேன். புள்ள ஆசையாக் கேட்டா.”

பூமாரி கணவனைப் பார்த்தாள். அய்யாத்துரை தலையை இரண்டு பக்கமும் ஆட்டினார்.

“சேலையும் வேண்டாம்ணே,” என்றாள் பூமாரி. போனை மகளிடம் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

அன்றைக்கு ஆட்டுக்கறிக் குழம்பு. அய்யாத்துரை மூன்று தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். இவ்வளவு பெரிய வெற்றிக்குப் பிறகு மனைவியும் மகளும் தன்னோடு பேசாதது அவருக்கு ஆச்சரியமாக இருந்தது. ஸ்ரீதேவி மேலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ராஜகுமார் எலும்பைக் கடித்துக்கொண்டே, “கேசட்ட டிஜிட்டல் பண்ணிருங்கண்ணே, ப்ரூஃப் வேணும்ல,” என்றான். பூமாரி சாப்பிடவில்லை. பசியில்லை என்றாள். சமைத்த பாத்திரங்களை ஒரு தடவை கழுவி, அதையே மறுபடியும் எடுத்துக் கழுவினாள். இனிமேல் சீத்தா கேம்ப் பக்கமாக நினைத்துக்கொள்ளக்கூட அவளிடம் ஒன்றும் இல்லை. அண்ணன்மேல் கோபம்கூட வரவில்லை. தன்மேல்தான் வந்தது, ஒரு கேசட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டதற்கு.

சாயங்காலம் மழை விட்டபிறகு அப்துல் ரவூப் வந்தார். நிக்காஹ் வீட்டு அத்தர் வாசனையோடு, பூமாரி கையில் ஒரு பிரியாணிப் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு டெக்கின் முன்னால் உட்கார்ந்தார். மூடியைத் திறந்தவர் அப்படியே நிமிர்ந்தார்.

“யாரு அண்ணாச்சி இதுக்கு எண்ண தேச்சுக் குளிப்பாட்டுனது?”

“கத்துச்சு, அதான்...”

“படம் எப்பிடித் தெரிஞ்சுது?”

“தேவையான அளவுக்குத் தெரிஞ்சுது,” என்றார் அய்யாத்துரை மிடுக்காக. “எங்களுக்கு வேண்டிய இடம் பளிச்சுன்னு தெரிஞ்சுது.”

“இந்தக் கோலத்துலயா? இதுல பெத்த தாயக்கூட அடையாளம் தெரியாதே.” ரவூப் பையிலிருந்து ஸ்பிரிட்டையும் மெல்லிய தோல் துணியையும் எடுத்தார். “எடுத்துட்டுப் போறதுக்கு முன்னால ஒரு தடவை நல்லாப் போட்டுக் காட்டிட்டுப் போறேன். வந்ததுக்கு நீங்களும் சந்தோசமாப் பாக்கணும்லா.”

“அதெல்லாம் வேண்டாம் பாய். பாத்தாச்சு, முடிஞ்சுது.”

“இருக்கட்டும்,” என்றாள் பூமாரி. “எங்க அப்பா மொகத்த ஒரு தடவை பாத்துக்கிடுதேன்.”

ரவூப் நிதானமாகத் துடைத்தார். ஒவ்வொரு உருளையாகத் துடைத்தார். ராஜகுமார் திருகி வைத்த திருகைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தார். டிவியில் எதையோ அமுக்கி, இழுத்துக் காட்டிய படத்தைச் சதுரமாக்கினார். கீழே இறங்கி வந்த ஸ்ரீதேவி ஏணியின் கடைசிப் படியில் உட்கார்ந்தாள். பூமாரி முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு, திரைக்கு நேராகத் தரையில் உட்கார்ந்தாள். ரவூப் டெக்குக்குள்ளேயே கிடந்த கேசட்டைக் கொஞ்சம் பின்னால் ஓட்டி, ‘ப்ளே’யை அமுக்கினார்.

மழை இல்லை. கோடு இல்லை. நாதஸ்வரம் நாதஸ்வரமாகவே கேட்டது. வாழைக்குலையில் காய்களை எண்ணலாம் போல இருந்தது. மணவறையில் பச்சைச் சேலை பச்சையாகவே இருந்தது. வெற்றிலைத் தட்டு நீட்டியவர் நிமிர்ந்து காமிராவைப் பார்த்துச் சிரித்தார். வெள்ளைச் சட்டைக்காரன் மாலையோடு வந்து நின்றான். மூக்கும் முழியும் துல்லியமாகத் தெரிந்தன.

அய்யாத்துரை பார்த்தார். பூமாரி பார்த்தாள். ஸ்ரீதேவி ஏணியிலிருந்து எழுந்து நின்றாள்.

படத்தின் தெளிவைப் பார்த்துத்தான் வாயடைத்துப் போய்விட்டார்கள் என்று ரவூப்புக்குப் பெருமையாக இருந்தது. திரையில் இருந்த மாப்பிள்ளையையும் பெண்ணையும் ஒரு தடவை பார்த்தார். எதிரே இருந்த அய்யாத்துரையையும் பூமாரியையும் ஒரு தடவை பார்த்தார். பிறகு கேசட்டை வெளியே எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, கையை நீட்டினார்.

“டெஸ்ட் பண்ண யாரு வீட்டுக் கேசட்டையோ வாங்கிப் போட்டுப் பாத்திய, அதுவும் நல்லதுதான் அண்ணாச்சி. இப்பம் உங்க கல்யாணக் கேசட்ட எடுங்க.”